பிள்ளையைக் கேட்டீர்களா?

மத்திய அரசின் மருந்து விதிகளில் (1945) ‘ஜே’ என்றொரு அட்டவணை இருக்கிறது. இன்னின்னதைக் குணப்படுத்துவதாகவோ வராமல் தடுப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்கிறது 106-ஆம் விதி. அந்த ‘இன்னின்னது’ எவை என்பதைச் சொல்வதுதான் அட்டவணை. புற்றுநோய், நீரிழிவு, வழுக்கை என்று நீளும் பட்டியலில் மூளைத் திறனைக் கூட்டுவதும் நினைவாற்றலை வளர்ப்பதும் ஒரு வரியில் இருக்கின்றன. மனவளர்ச்சிக் குறைவுக்கு இன்னொரு வரி. 1954-இல் வந்த மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. மூளைக் கோளாறுகளைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்தால் முதல் முறை 6 மாதம் வரை சிறை, மறுமுறை ஓராண்டு வரை.

சட்டம் இப்படி இருக்க, வேப்பூரில் என்ன நடக்கிறது? சென்னை–திருச்சி நெடுஞ்சாலையும் கடலூர்–சேலம் சாலையும் வெட்டிக்கொள்ளும் கூட்டுரோட்டில் கைக்கு வரும் துண்டறிக்கையைப் பாருங்கள். கேபிள் தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்தைப் பாருங்கள். பெற்றோர் குழுக்களில் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களைப் பாருங்கள். ‘படிப்பு ஏறவில்லையா? எழுத்தை மாற்றி எழுதுகிறானா? முழு குணம், கைமேல் பலன்’ என்ற சரக்குக்குக் குறைவே இல்லை. சிலர் லேகியம் விற்கிறார்கள், சிலர் ‘பயிற்சி’ விற்கிறார்கள். வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு ‘தெரபி’ என்கிறார்கள் இன்னும் சிலர். இவர்கள் மீது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வழக்குப் போட்டதாக இந்த வட்டாரத்தில் நாம் கேள்விப்பட்டதே இல்லை. கற்றல் குறைபாட்டைக் ‘குணப்படுத்துகிறோம்’ என்று கடை விரித்திருக்கும் ஒவ்வொருவரையும், கண்முன் நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் ஒவ்வோர் அதிகாரியையும் இத்தலையங்கம் கண்டிக்கிறது.

வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில் இரண்டு குட்டிகளை விற்றுவிட்டு, அந்தக் காசு மடியில் இருக்கும்போதே மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கடைகளுக்குப் போகும் தகப்பனை நாம் கண்டிக்கவில்லை. “எதுனா பண்ணி இவன படிக்க வச்சிருங்க சார்” என்பதைத் தவிர அவருக்குச் சொல்ல வேறு வார்த்தை இல்லை. நான்காம் வகுப்புக்கு வந்துவிட்ட மகனுக்குப் ‘பள்ளிக்கூடம்’ என்ற சொல்லை எழுத்துக்கூட்ட வரவில்லை. ராத்திரி பாட்டி சொன்ன கதையைக் காலையில் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்கிறான். சந்தையில் நாலு பேர் கேட்ட விலையையும் மனத்தில் வைத்திருந்து வரிசையாக ஒப்பிக்கிறான். புத்தகத்தை விரித்தால் மட்டும் அவனுக்கு வியர்க்கிறது. மக்கு என்கிறது வகுப்பு. திமிர் என்கிறார் வாத்தியார். யாரோ செய்வினை என்கிறார்கள். இத்தனை பேரில் ஒருவர் மட்டும் ‘இது குணமாகும்’ என்று நம்பிக்கையாகச் சொன்னால், தகப்பன் அந்தப் பக்கம்தான் போவார். அவருடைய நம்பிக்கையைக் காசாக்குகிறவனிடம்தான் நமக்குக் கோபம்.

திருவந்திபுரத்து மலையில் ஹயக்ரீவர் சந்நிதியில் பேனாவை வைத்துக் கும்பிட்டுவிட்டு வரும் தாய்மாரையும் நாம் இதில் சேர்க்கவில்லை. அது அவர்கள் மனத்துக்கான ஆறுதல். அந்தச் சாமி தவணை முறையில் பணம் கேட்டதில்லை.

முதலில், இது என்ன என்பதைச் சொல்லிவிடுவோம். 1896 நவம்பரில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். கணக்கில் கெட்டி, பேச்சில் சூட்டிகை, பார்வையில் பழுதில்லை. ஆனால் எழுதியதைப் படிக்க மட்டும் வராது. பாடமெல்லாம் வாய்வழியாகவே நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அவர் பதிவு செய்தார். டிஸ்லெக்சியா என்று நாம் இன்று சொல்லும் நிலையைப் பற்றிய முதல் தெளிவான மருத்துவக் குறிப்புகளில் அது ஒன்று. அதற்குப் பின் வந்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலான ஆய்வு சொல்வதன் சாரம் இது: மொழியின் ஒலிகளைப் பிரித்து எழுத்தோடு பொருத்தும் வேலையை இவர்களுடைய மூளை வேறு விதமாகச் செய்கிறது. அது பிறவியிலேயே அமைவது, பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வது. அறிவுக் குறைவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது நோயாக வந்து ஒட்டிக்கொண்டதில்லை என்பதால், மாத்திரை போட்டு இறக்கவும் முடியாது.

தமிழில் இந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்பதைத் தமிழ் எழுத்தை வைத்தே பார்க்க வேண்டும். ஆங்கிலத்தை வைத்து எழுதிய புத்தகங்கள் இதைச் சொல்லித் தராது. ‘கெ’ என்று காது கேட்கும்போது முதலில் வருவது க், பிறகு எ. கை எழுதும்போது முதலில் போடுவது கொம்பு, பிறகு க. ‘கோ’ என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் மறுபக்கம், க நடுவில். துணைக்காலுக்கும் ‘ர’வுக்கும் பிள்ளையின் கண்ணுக்கு என்ன பெரிய வித்தியாசம்? ‘கௌ’வில் வருவதும் ‘கெள’வில் வருவதும் ஒரே ‘ள’ போலத்தான் தெரியும். கல், தங்கம், பகல் மூன்றிலும் ஒரே ககரம், மூன்று ஒலி. ல, ள, ழ என்றும் ந, ன, ண என்றும் ர, ற என்றும் நம் வட்டாரப் பேச்சில் பெரும்பாலும் கரைந்துபோன வேறுபாடுகளை எழுத்தில் மட்டும் பிழையில்லாமல் காட்டச் சொல்கிறோம். இவையெல்லாம் எந்தப் பிள்ளைக்கும் சிரமம்தான். மற்ற பிள்ளைகள் ஆறு மாதத்தில் தாண்டிவிடும் வாய்க்காலை இந்தப் பிள்ளை தாண்ட மூன்று, நான்கு வருடம் ஆகும். கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இருந்தால் தாண்டும்.

பலன் தருவது எது என்பது தெரியாத ரகசியமில்லை. ஒலியையும் எழுத்தையும் ஒன்றோடொன்று வெளிப்படையாகக் கோத்து, எளியதிலிருந்து கடினமானதற்குப் படிப்படியாக, கண், காது, கை மூன்றையும் ஈடுபடுத்தி, நாள்தோறும், பயிற்சி பெற்ற ஆசிரியர் சிறு குழுவில் கற்பிப்பது. இதை மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் முப்பது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் செய்தும் பயிற்றுவித்தும் வருகிறது. இப்படிக் கற்பித்தால் பிள்ளை வாசிக்கும். மெதுவாக வாசிக்கும், சில பிழைகள் ஆயுளுக்கும் கூடவே வரும். ஆனால் வாசிக்கும். இதில் ‘கைமேல் பலன்’ எங்கிருந்து வந்தது?

விற்கப்படும் சரக்கின் வரலாற்றையும் கொஞ்சம் பார்க்கலாம். ‘மிட் பிரைன் ஆக்டிவேஷன்’ என்ற பெயரில் தமிழ்நாட்டின் ஊர் ஊராக ஒரு கூத்து நடந்தது. கண்ணைக் கட்டிவிட்டு, பிள்ளை புத்தகம் படிக்கிறது பாருங்கள் என்றார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பிள்ளை பார்க்கிறது என்று மங்களூரைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் மேடை மேடையாகப் போட்டு உடைத்தார். இதில் பணம் போனதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. பார்த்துக்கொண்டே பார்க்கவில்லை என்று அப்பா அம்மாவிடம் பொய் சொல்லக் குழந்தைகள் பழக்கப்பட்டார்கள். வண்ணக் கண்ணாடி போட்டால் எழுத்து நேராகும் என்றது இன்னொரு வியாபாரம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பும் கண் மருத்துவர்கள் அமைப்பும் சேர்ந்து 2009-இல் அதற்கு ஆதாரமில்லை என்று அறிவித்தன. பிரிட்டனில் ‘டோர்’ என்ற திட்டம் ஆடும் பலகையில் பிள்ளைகளை நிற்க வைத்தால் டிஸ்லெக்சியா தீரும் என்று பெருந்தொகை வாங்கியது. அந்த நிறுவனம் 2008-இல் நொடித்துப்போனது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ‘ஸ்டெம் செல்’ ஊசி என்று லட்சக்கணக்கில் கறந்தது நம் நாட்டிலேயே நடந்தது. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம், ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது, அதைச் செய்வதும் விளம்பரப்படுத்துவதும் தொழில் ஒழுக்கக்கேடு என்று சொன்னது. உடம்பிலுள்ள உலோகத்தை இறக்குகிறோம் என்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓர் ஆட்டிசக் குழந்தைக்கு மருந்து ஏற்றினார்கள். 2005-இல் அந்த 5 வயதுப் பிள்ளை சிகிச்சையின் போதே இறந்தது.

டிஸ்லெக்சியா வேறு, ஆட்டிசம் வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு, கவனக்குறைவும் துறுதுறுப்பும் வேறு. ஒரே துண்டறிக்கையில் நான்கையும் போட்டு ஒரே டப்பாவை நீட்டுகிறவனுக்கு நான்கில் ஒன்றும் தெரியாது. கவனக்குறைவுக்குத் தகுதியுள்ள மனநல மருத்துவரோ குழந்தை மருத்துவரோ பரிசோதித்துத் தரும் மருந்து உண்டு, பல பிள்ளைகளுக்கு அது உதவுகிறது. அதை நாம் எதிர்க்கவில்லை. மருந்தே பாவம் என்று சொல்ல வரவுமில்லை.

இனி விஷயத்தின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்தக் கடைக்காரர்களைக் கேள்வி கேட்டால் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே பதில் சொல்கிறார்கள். ‘பெற்றோர் விருப்பப்பட்டு வருகிறார்கள், அது அவர்களுடைய தனிப்பட்ட முடிவு, நீங்கள் யார் கேட்க?’ தனிமனித உரிமை என்ற பெரிய சொல்லை இவ்வளவு மலிவாக யாரும் பயன்படுத்தியிருக்க முடியாது. இருக்கும் வழிகளையெல்லாம் சொல்லி, எதில் என்ன கிடைக்கும், எதில் கிடைக்காது, எதில் என்ன ஆபத்து என்று விளக்கிய பிறகு ஒருவர் எடுப்பதுதான் முடிவு. பொய்யைச் சொல்லி வாங்கிய கையெழுத்தை எந்த ஊரில் சம்மதம் என்பார்கள்? ஆட்டுச் சந்தையில்கூடப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பல் இல்லாத ஆட்டின் வயதை மறைத்து விற்றால் சண்டை வருகிறது. பிள்ளை விஷயத்தில் மட்டும் பார்க்க விடாமல் விற்கலாமா?

இன்னொன்றையும் இத்துடன் கேட்கிறோம். விருப்பம் யாருடையது? லேகியத்தை விழுங்குவது பிள்ளை. பலகையில் நிற்பது பிள்ளை. கண் கட்டப்படுவது பிள்ளை. அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா? இது நம் ஆசைக்கு எழுப்பும் கேள்வி இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 4 சொல்கிறது: மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் தம் கருத்தைச் சுதந்திரமாகச் சொல்ல மற்றவர்களுக்குச் சமமான உரிமை உடையவர்கள், அதற்கு வயதுக்கும் நிலைக்கும் தக்க ஆதரவை அரசும் உள்ளாட்சியும் தர வேண்டும். 7 வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றிருந்த பழைய சட்டத்தை மாற்றி 21 ஆக்கி, கற்றல் குறைபாட்டையும் சேர்த்த சட்டம் இதுதான். 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குழந்தையின் கருத்துக்கு மதிப்பளிப்பதாக ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992-இலேயே சேர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் நம் ஊர்ப் பள்ளி எதிலாவது, ‘தம்பி, உனக்கு எங்கே கஷ்டமா இருக்கு, எப்படிச் சொல்லிக் கொடுத்தா வருது?’ என்று ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்கிறார்களா?

இதை எழுதுகிறவனோடு மூன்றாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் இருக்கிறார். இன்று விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை வேலை. தீயின் நிறத்தைப் பார்த்தே உள்ளே பீங்கான் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். பேருந்தின் பெயர்ப்பலகையை மட்டும் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவார், கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்லிக்கொண்டு. சின்ன வயதில் அவருக்கு நாக்கில் வசம்பு சுட்டுத் தேய்த்தார்கள். ஒருவர் தலையை மொட்டையடித்து எண்ணெய்க் கட்டுப் போட்டார். மந்திரித்துக் கட்டிய தாயத்து இடுப்புக் கயிற்றில் வருடக்கணக்காகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் வாசல் வெயிலில் முட்டி போட வைத்தார்கள். போன மாதம் டீக்கடையில் அதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: “கேட்டா வருதுங்க சார், பாத்தா வரலன்னு அப்பவே சொன்னேன்டா. யாரும் காதுல வாங்கல.” எட்டு வயதுப் பிள்ளை தன் குறை என்ன, தனக்கு எது உதவும் என்பதை ஒரே வரியில் சொல்லியிருக்கிறது. 1896-இல் அந்த ஆங்கில ஆசிரியர் கண்டுகொண்ட அதே விஷயம். அதைக் கேட்க ஆள் இல்லாமல் போனது.

கேட்காமலே ‘நல்லது’ செய்யும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1994 பிப்ரவரியில் புனே சசூன் அரசு மருத்துவமனையில், ஷிரூர் அரசு இல்லத்திலிருந்து கொண்டுவரப்பட்ட அறிவுத்திறன் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்கின்போது அவர்களைப் பராமரிப்பது சிரமமாம். அந்தப் பெண்களை யாரும் கேட்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே நின்றது. 2009-இல் சண்டிகர் அரசு இல்லத்துப் பெண் ஒருவரின் வழக்கில், லேசான அறிவுத்திறன் குறைபாடு இருந்தாலும் தன் கருவைச் சுமப்பதா வேண்டாமா என்பதில் அவருடைய விருப்பமே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமே அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் மலடாக்கும் எந்த மருத்துவமும் செய்யக் கூடாது என்று 2016 சட்டத்தின் 10-ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. லேகியமும் அறுவை சிகிச்சையும் ஒன்றில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் அடியில் இருப்பது ‘இவனுக்கு என்ன தெரியும்’ என்ற ஒரே எண்ணம்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் ஒரு கண்டனம் இருக்கிறது. இது குறையே இல்லை, வரம், ஐன்ஸ்டீனுக்கும் இருந்தது, விட்டுவிடுங்கள் என்று இப்போது மேடைகளில் பேசுகிறார்கள். ஐன்ஸ்டீனுக்கு டிஸ்லெக்சியா இருந்தது என்பதற்கு ஆதாரம் கிடையாது. தன்னை யாரும் ‘சரிசெய்ய’ வேண்டாம், இப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வளர்ந்த ஒருவர் தன் வாயால் சொன்னால், அவருக்கு அந்த உரிமை முழுதாக உண்டு. அமெரிக்காவின் ஜிம் சின்க்ளேர் போன்ற ஆட்டிசக்காரர்கள் 1990-களிலேயே பெற்றோர் முன் நின்று அதைச் சொன்னார்கள், சொல்லி உலகத்தைக் கேட்கவும் வைத்தார்கள். ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிட்டு, அதற்கு ‘ஏற்றுக்கொள்ளுதல்’ என்று பெயர் வைப்பது கைகழுவுவதுதான். சிகிச்சையை வேண்டாம் என்று சொல்லலாம். கல்வி கட்டாயக் கடன். பிள்ளை வளர்ந்து தன் முடிவைத் தானே எடுக்க வேண்டுமானால் அதற்குமுன் மருந்துச் சீட்டையும் ஒப்பந்தத்தையும் அரசு அறிவிப்பையும் தானே படித்துப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டாமா?

அந்தக் கடனைச் செலுத்த வேண்டிய பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்கிறோம். 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் அரும்பா, மொட்டா, மலரா என்று கற்றல் நிலைப்படி ஆசிரியர் பிரிக்கிறார். நல்ல ஏற்பாடு, நாம் வரவேற்றோம். ஆனால் வருடம் மாறியும் அரும்பிலேயே நின்றுவிடும் பிள்ளை ஏன் நிற்கிறது என்று அடுத்த கேள்வியைக் கேட்டீர்களா? அதுதானே நீங்கள் தேடவேண்டிய பிள்ளை? கற்றல் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிந்து தக்க கற்பித்தல் முறையால் உதவ வேண்டும் என்று 2016 சட்டத்தின் 16-ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களுக்கே கட்டளையிடுகிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல் 8 வயதில் சோதிக்கவும் 14-இலும் 18-இலும் மறுபடி பார்க்கவும் சொன்னது. நடப்பது என்ன? மூன்றாம் வகுப்பில் யாரும் பார்ப்பதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு வாசலில் வந்து நிற்கும்போது, தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடுமே என்ற பயத்தில் சில பள்ளிகளுக்குத் திடீரென்று ஞானம் வருகிறது. சான்றிதழ் வாங்கி வா என்று பிள்ளையை விரட்டுகிறார்கள்.

அந்தச் சான்றிதழால் கிடைப்பவை முக்கியமானவைதாம். ஒரு மணி நேரக் கூடுதல் அவகாசம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாடம் ஒன்றிலிருந்து விலக்கு. தேவைப்படும் பிள்ளைக்கு இவை சலுகை இல்லை, உரிமை. ஆனால் மொழிப்பாட விலக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியாது. ஏழு வருடம் தமிழ் சொல்லித்தராமல் விட்டுவிட்டுப் பத்தாம் வகுப்பில் ‘உனக்குத் தமிழ் வேண்டாம்’ என்று எழுதிக் கொடுப்பதில் கருணை எங்கே இருக்கிறது? தமிழ்ப் பாட்டைக் கேட்டால் தலையாட்டும் பிள்ளை, நேரம் கொடுத்தால் நான் எழுதுவேன் என்று சொல்லும் பிள்ளை இருக்கிறது. விலக்கு வேண்டுமா, நேரம் போதுமா என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்பியிருக்கிறீர்களா?

உரிமை தாளில் இருந்தாலும் தேர்வறையில் பறிபோகும் என்பதற்கும் வழக்கு இருக்கிறது. 2021 செப்டம்பரில் நீட் தேர்வு எழுதிய, டிஸ்கிராஃபியா என்ற எழுதுவதில் உள்ள குறைபாடு கொண்ட மாணவி ஒருவருக்குக் கூடுதல் ஒரு மணி நேரம் தரவேண்டியிருந்தும் மற்றவர்களோடு சேர்த்து விடைத்தாளைப் பிடுங்கிக்கொண்டார்கள். அந்த நவம்பரிலேயே உச்ச நீதிமன்றம், ஓர் ஆள்தானே என்று அநீதியைக் கடந்துபோக முடியாது என்ற நிலையெடுத்து, அதைச் சரிசெய்ய வழி காணும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது. அதே வருடம் பிப்ரவரியில், எழுதுவதில் சிக்கல் உள்ள ஒருவருக்கு 40 விழுக்காடு குறைபாடு என்ற அளவுகோலைக் காட்டி, எழுதித்தர ஆள் கிடையாது என்று மறுத்தது தவறு என்றும் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. டெல்லி வரை போய் வழக்காட அவர்களால் முடிந்தது. வேப்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாகக் கடலூருக்குப் பேருந்தில் போய், மருத்துவக் குழு முன் காத்திருந்து, இன்று டாக்டர் வரவில்லை என்று திரும்பி வரும் தாய்க்கு அது முடியுமா? ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மூன்றாவது நடையில் அவர் நிறுத்திவிடுகிறார். நிறுத்திய இடத்தில்தான் லேகியக் கடை திறந்திருக்கிறது. அரசு விட்ட இடைவெளிதான் அந்த வியாபாரத்தின் முதல் என்று நாம் சொன்னால் அதிகாரிகளுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

சிறப்புப் பயிற்றுநர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாக ஓடும் அவர்கள் தொகுப்பூதியத்தில், வருடா வருடம் வேலை நிலைக்குமா என்ற பயத்தில் ஓடுகிறார்கள். தொடக்கக் கல்வியில் 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 2021-இல் வகுத்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களை உருவாக்கி அறிவிக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. இப்பயிற்றுநர்களின் ஊதியம் வரும் சமக்ர சிக்‌ஷா நிதியில் 2024–25-க்குத் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதற்காக மத்திய அரசு நிறுத்திவைத்தது. கொள்கைச் சண்டையை டெல்லியும் சென்னையும் போட்டுக்கொள்ளட்டும். அரும்பில் நிற்கும் பிள்ளையின் ஆசிரியருக்குரிய சம்பளத்தை அதற்குப் பணயம் வைத்ததை நாம் மன்னிக்கத் தயாரில்லை. மாநில அரசும் மத்திய நிதி வரவில்லை என்ற ஒரே பதிலை நீட்டிக்கொண்டிருக்க முடியாது.

பத்திரிகைகளுக்கும் இதில் பங்கு உண்டு. தலையங்கத்தில் உபதேசம், பின்பக்கத்தில் ‘ஞாபக சக்தி’ விளம்பரம் என்று இனி நடக்காது. மூளை, நினைவு, படிப்பு ஆகியவற்றைக் குணப்படுத்துவதாகச் சொல்லும் எந்த விளம்பரமும் இந்த இதழில் வராது. மற்ற உள்ளூர் இதழ்களும் கேபிள் நிறுவனங்களும் இதையே செய்ய வேண்டும் என்று கேட்கிறோம். விளம்பரத்தை வெளியிடுகிறவரும் 1954 சட்டத்துக்குள் வருகிறார் என்பதை நினைவூட்டுகிறோம்.

இனி நாம் கேட்பவை. கடலூர் மாவட்ட மருந்து ஆய்வாளர்கள் வேப்பூர், விருத்தாசலம், திட்டக்குடி வட்டங்களில் சுற்றும் துண்டறிக்கைகளைக் கையில் எடுத்துக்கொண்டு வழக்குப் பதிய வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் போதாது. கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டு முகாமை மாதம் ஒரு முறையாவது விருத்தாசலம் அரசு மருத்துவமனையிலேயே நடத்த மாவட்ட ஆட்சியர் ஏற்பாடு செய்ய வேண்டும். அங்கே வைக்கும் சோதனை தமிழில், தமிழ் எழுத்தின் சிக்கல்களை அறிந்தவர்கள் உருவாக்கியதாக இருக்க வேண்டும். ஆங்கிலத் தாளை மொழிபெயர்த்து நீட்டிவிட்டுப் பிள்ளையை அளந்ததாகச் சொல்லாதீர்கள். மதிப்பீட்டுப் படிவத்திலும் தேர்வு ஏற்பாட்டுக்கான விண்ணப்பத்திலும், பள்ளி வகுக்கும் கற்பித்தல் திட்டத்திலும் பிள்ளையின் வார்த்தைக்கென்று ஓர் இடம் விடப்பட வேண்டும். பிள்ளை சொல்லச் சொல்ல ஆசிரியர் எழுதட்டும். அந்த இடம் வெற்றாக இருந்தால் படிவத்தைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. நம் நல்லூர் ஒன்றியத்துத் தொடக்கப் பள்ளிகளில் இந்தக் கல்வியாண்டின் முடிவில் மூன்றாம் வகுப்பைத் தாண்டியும் அரும்பு நிலையிலேயே இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேரைச் சிறப்புப் பயிற்றுநர் நேரில் பார்த்தார், எத்தனை பேருக்கு மதிப்பீடு நடந்தது? பெயர்கள் வேண்டாம், எண்கள் மட்டும் போதும். கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் எல்லாமே பதிவாகிறது என்கிறார்கள், அதனால் ஒரு நாள் வேலைதான். ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அதை வெளியிட வேண்டும். வெளியிடாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு வாங்கி இதே பக்கத்தில் அச்சிடுவோம். மனு எழுதித் தயாராக இருக்கிறது.